ஏ-ராடை எட்டாவதாக இறக்கியதால்தானா யாங்கீஸ் தோற்றது?

உங்கள் கேள்வி இதுதான்: 2006-ஆம் ஆண்டு பேஸ்பாலின் அமெரிக்கன் லீக் பிளேஆஃபின் முதல் சுற்றில், டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில், நியூயார்க் யாங்கீஸ் மேலாளர் ஜோ டோரி, ஏ-ராட் என்று அழைக்கப்படும் அலெக்ஸ் ரோட்ரிகெஸை பேட்டிங் வரிசையில் எட்டாவது இடத்துக்குத் தள்ளினார். யாங்கீஸ் தோற்று வெளியேறியது. அந்த முடிவுதான் தோல்விக்குக் காரணமா? டோரியின் இடத்தில் இருந்திருந்தால் நான் யாரை எங்கே எழுதியிருப்பேன்?

இதற்கு ஒரே சொல்லில் "இல்லை" என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வரிசையை முதன்முதலில் பார்த்த மாலை எனக்கு இன்னமும் மறக்கவில்லை. அன்று வந்த கோபம் நியாயமானது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எட்டாவது இடம் தவறான முடிவு. தோல்வியைக் கொண்டுவந்தது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பார்ப்பதில்தான் இந்த வழக்கு இத்தனை ஆண்டுகளாகச் சிக்கிக்கிடக்கிறது.

கிரிக்கெட்டில் இருந்து பேஸ்பாலுக்கு வந்தவர்களுக்காக ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019 உலகக் கோப்பை அரையிறுதி நினைவிருக்கும். நியூசிலாந்துக்கு எதிராக 5 ரன்னுக்கு 3 விக்கெட் போன நிலையிலும் தோனியை ஏழாவதாக அனுப்பினார்கள். இந்தியா 18 ரன்னில் தோற்றது. அவரை முன்பே அனுப்பியிருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அங்கே பலம் உண்டு. ஏனென்றால் கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் ஒரு முறைதான் வருவார். அவர் வரும்போது என்ன மிச்சமிருக்கிறது என்பதுதான் எல்லாமும். பேஸ்பாலில் அப்படி இல்லை. ஒன்பது பேரும் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஏறக்குறைய 38 முறை பேட்டர்கள் வந்து நிற்பார்கள், ஆளுக்கு நான்கு முறைக்குச் சற்று மேல். எட்டாவதாக நிற்பவர் கடைநிலை ஆட்டக்காரர் அல்ல, வட்டத்தில் கொஞ்சம் பின்னால் நிற்பவர், அவ்வளவுதான்.

ஆட்டத்தின் கடைசி அவுட் ஒன்பது பேரில் யாரிடமும் விழலாம். ஆகவே ஓர் இடம் கீழே இறங்கினால் இழப்பது ஒரு பேட்டிங் வாய்ப்பில் ஒன்பதில் ஒரு பங்கு. ஓர் ஆண்டின் 162 ஆட்டங்களுக்குக் கூட்டினால் அது 18 வாய்ப்புகள். ஒரே ஆட்டத்தில், நான்காவது இடத்தில் இருந்து எட்டாவதுக்கு இறக்கினால், போவது அரை வாய்ப்புக்கும் குறைவு. அந்த ஆண்டு ரோட்ரிகெஸின் பேட்டிங் சராசரி .290, அதாவது நூறு முறை ஆடினால் 29 ஹிட் (பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸை அடைவது). அந்த வாய்ப்பு போனால் ஒரு ஹிட்டில் எட்டில் ஒரு பங்கு போகும். நான்காவதாக வருபவருக்கு முன்னால் பேஸ்களில் (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய இடங்களில்) ஆட்கள் நிற்பது அதிகம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்த்தாலும் கையில் நிற்பது ஒரு ரன்னின் சிறு துண்டுதான். மிகச் சிறந்த வரிசைக்கும் வழக்கமாக மேலாளர்கள் எழுதும் வரிசைக்கும் இடையிலான வேறுபாடு ஒரு முழு ஆண்டில் ஒரு வெற்றி, மிஞ்சிப்போனால் இரண்டு. அந்த நான்காவது ஆட்டத்தில் யாங்கீஸ் தோற்றதோ 8-3.

இனி தொடருக்கு வருவோம். அந்த ஆண்டு யாங்கீஸ் 97 வெற்றி, 930 ரன். அவ்வளவு ரன் வேறெந்த அணியும் எடுக்கவில்லை. முதல் ஆட்டத்தில் டோரி எழுதிய வரிசையை இன்று படித்தாலும் மலைப்பாக இருக்கும்: ஜானி டேமன், டெரெக் ஜீட்டர், பாபி அப்ரேயு, கேரி ஷெஃபீல்ட், ஜேசன் ஜியாம்பி, ரோட்ரிகெஸ், ஹிடெகி மட்சுயி, ஜோர்ஜே பொசாடா, ராபின்சன் கனோ. ஒன்பது பேரும் ஏதோ ஓர் ஆண்டில் ஆல்-ஸ்டார் அணியில், அதாவது லீகின் நட்சத்திர அணியில், இருந்தவர்கள். .342 சராசரி வைத்திருந்த கனோ ஒன்பதாவது! அந்த அணிக்கு நல்ல வரிசை, கெட்ட வரிசை என்று பிரித்துச் சொல்வதே கடினம்.

அக்டோபர் 3 அன்று அந்த வரிசை 8-4 என வென்றது. ஜீட்டர் ஐந்து முறை ஆடி ஐந்தும் ஹிட். மறுநாள் மழை. அக்டோபர் 5 பிற்பகல் இரண்டாவது ஆட்டத்தில் டேமன் ஒன்பது இன்னிங்ஸில் நான்காவதில் மூன்று ரன் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து அணியை முன்னிலைக்குக் கொண்டுபோனார். அதோடு நின்றது. அதன் பிறகு தொடர்ந்து 20 இன்னிங்ஸ் யாங்கீஸ் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. அந்த ஆட்டத்தின் மிச்ச ஐந்து, மூன்றாவது ஆட்டத்தின் முழு ஒன்பது, நான்காவதின் முதல் ஆறு. 930 ரன் அடித்த அணி! இருபது இன்னிங்ஸ் வறட்சிக்கு ஒருவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் நியூயார்க் ஒருவரை ஏற்கெனவே ஏற்றிவைத்திருந்தது.

ரோட்ரிகெஸ் மீது அந்த ஊருக்கு இருந்த கோபத்துக்கு எண்கள் மட்டும் காரணம் அல்ல. 2000 டிசம்பரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவருக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் பத்து ஆண்டு, 25.2 கோடி டாலர். 2004-இல் யாங்கீஸுக்கு வந்தார். 2005-இல் 48 ஹோம் ரன் அடித்து லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். அதே அக்டோபரில், அதாவது பிளேஆஃபில், ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக 15 முறை ஆடி 2 ஹிட். 2006-இல் 35 ஹோம் ரன், 121 ரன்களை உள்ளே கொண்டுவந்தார். பலருக்கும் அது வாழ்நாள் சாதனை. அவருக்கோ சொந்த மைதானத்திலேயே கூச்சல் எழுந்தது. இரண்டாவது ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, அவர் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆனார். அன்று மட்டும் மூன்று முறை ஸ்ட்ரைக் அவுட். தொடர் முடிந்தபோது 14 முறை ஆடி ஒரே ஹிட், சராசரி .071.

இந்த 14-க்கு 1 என்ற எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் டோரி இதைப் பார்த்துத்தான் கை நடுங்கினார் என்று நான் நம்புகிறேன். .290 அடிக்கும் ஒருவர், எந்தக் குறையும் இல்லாமல், 14 முறை ஆடி ஒரு ஹிட் அல்லது அதற்கும் குறைவாக எடுக்க எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஐந்தரை. பதினெட்டில் ஒரு முறை. ஓர் ஆண்டில் அறுநூறு முறைக்கு அருகே பந்தை எதிர்கொள்பவருக்கு இப்படியொரு வறண்ட வாரம் சிலமுறை வந்தே தீரும். ஜூனில் வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அக்டோபரில் வந்தால் அது அவருடைய குணம் என்று எழுதிவிடுவார்கள்.

தவிர, அவர் மட்டுமா தடுமாறினார்? ஷெஃபீல்ட் 12-க்கு 1. கனோ 15-க்கு 2. ஜியாம்பி 8-க்கு 1. மிக நன்றாக அடித்தவர்கள் ஜீட்டரும் பொசாடாவும், இருவரும் .500.

டோரி என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு நாளும் மருந்தை மாற்றினார். முதல் இரண்டு ஆட்டங்களில் ரோட்ரிகெஸ் ஆறாவது. மூன்றாவதில் நான்காவது. நான்காவதில் எட்டாவது, 1996-இல் சியாட்டிலில் இளைஞனாக ஆடிய காலத்துக்குப் பிறகு அவர் நிற்காத இடம். ஷெஃபீல்ட் இரண்டு ஆட்டம் உள்ளே, மூன்றாவதில் வெளியே, நான்காவதில் மறுபடி உள்ளே. அப்போது ஜியாம்பி வெளியே. மூன்றாவது ஆட்டத்தில் ஷெஃபீல்டுக்குப் பதிலாக பெர்னி வில்லியம்ஸைக் கொண்டுவந்ததற்குக் காரணம், எதிரில் பந்துவீசிய கென்னி ராஜர்ஸுக்கு எதிராக அவருடைய பழைய கணக்கு நன்றாக இருந்தது. பல ஆண்டுகளில் சிதறிக்கிடக்கும் சில பத்து மோதல்களை வைத்து 41 வயது ராஜர்ஸை அளந்தார்கள். ராஜர்ஸ் அன்று 7⅔ இன்னிங்ஸ் ஒரு ரன் கொடுக்காமல் எட்டுப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். பெர்னிக்கு ஹிட் எதுவும் இல்லை. ரசிகர்களும் இந்தக் கணக்குகளை மிகவும் விரும்புகிறோம், "இவன் அவனை நன்றாக அடிப்பான்" என்று. முப்பது முறை ஆடியதில் வரும் எண்ணுக்கும் நாணயம் சுண்டுவதற்கும் அதிகத் தூரம் இல்லை.

வரிசையில் யார் எங்கே என்பதைவிட, யார் ஆடுகிறார், யார் வெளியே உட்காருகிறார் என்பது பெரிய கேள்வி. அங்கேதான் டோரியிடம் எனக்கு உண்மையான சண்டை. ஷெஃபீல்ட் வசந்தத்தில் மணிக்கட்டு அடிபட்டு, அறுவை சிகிச்சை முடிந்து, செப்டம்பர் கடைசியில் திரும்பியவர். பல ஆண்டுகளாக வெளிக்களத்தில் நின்றவரை, அப்ரேயு வந்துவிட்டதால், முதல் பேஸில் நிற்கப் பழக்கினார்கள். அவருடைய பேட் இன்னும் திரும்பவில்லை என்பது அந்தச் சில ஆட்டங்களிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. மட்சுயியும் மே மாதம் மணிக்கட்டு முறிந்து செப்டம்பரில் வந்தவர். இவர்கள் இல்லாத கோடை முழுவதும் இடது களத்தைக் காத்து, அணியைக் கரைசேர்த்த இளைஞர் மெல்கி கப்ரேராவுக்கு முதல் ஆட்டத்தின் வரிசையில் இடமில்லை. பெயர்களை அடுக்கிய வரிசை அது, அன்றைய உடம்புகளை அடுக்கியது அல்ல. இந்தக் குறையைத் தோற்ற பிறகு கண்டுபிடிக்கவில்லை. முதல் ஆட்டத்துக்கு முன்பே தெரிந்த செய்திகளை வைத்தே சொல்ல முடியும். ஒரு மேலாளரை விசாரிப்பதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் இதுதான்: அன்று காலை அவர் கையில் என்ன தகவல் இருந்தது?

அந்த அளவுகோலில் எட்டாவது இடம் ஏன் தவறு? ரன் கணக்கில் அது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று மேலே சொன்னேன். ஒன்றும் கிடைக்காத இடத்தில் ஒரு மனிதரை ஊரறிய நாணவைத்தது என்பதுதான் என் குற்றச்சாட்டு. வரிசைத் தாள் ஓய்வறையில் ஒட்டப்பட்டதும் எல்லோரும் படிப்பார்கள், சில நிமிடங்களில் நாடு முழுக்கப் படிக்கும். டெட்ராய்ட் பிட்சரும் (பந்து வீசுபவர்) படிப்பார். முந்தைய நாள் நான்காவதாக நின்றவரை மறுநாள் எட்டாவதாக எழுதினால், "உன்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது" என்பதைத் தவிர அந்தத் தாள் வேறு எதையும் சொல்லாது. நம்பிக்கை உண்மையிலேயே போயிருந்தால் வெளியே உட்காரவைத்திருக்க வேண்டும், அதில் ஒரு தெளிவாவது இருந்திருக்கும். அதையும் செய்யவில்லை. அன்று அவர் மூன்று முறை ஆடி ஹிட் இல்லாமல் திரும்பினார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு டெட்ராய்ட்டைப் பற்றிப் பேசாமல் போனால் அது அநியாயம். தோற்ற அணியின் ரசிகர்கள், நான் உட்பட, எப்போதும் செய்யும் பிழை அது, எதிரில் ஒன்பது பேர் ஆடினார்கள் என்பதையே மறந்துவிடுவது. 2003-இல் 119 ஆட்டம் தோற்ற அணி டைகர்ஸ். மூன்றே ஆண்டில் மேலாளர் ஜிம் லேலண்டின் கையில் 95 வெற்றி. அந்த ஆண்டு அமெரிக்கன் லீகில் மிகக் குறைவாக ரன் கொடுத்த பந்துவீச்சு அவர்களுடையது. இரண்டாவது ஆட்டத்தில் ஜஸ்டின் வெர்லாண்டருக்குப் பின்னால் வந்த ஜோயல் ஸுமாயா மணிக்கு நூறு மைலுக்கு மேல் வீசினார். அந்தப் பந்துகளை எந்த வரிசையில் நின்றாலும் பார்ப்பதே பாடு. கார்லோஸ் கியெனின் ஹோம் ரன் ஆட்டத்தைச் சமன் செய்ய, கர்டிஸ் கிராண்டர்சனின் டிரிபிள் (மூன்றாம் பேஸ் வரை ஓடவைத்த அடி) 4-3 என்று முடித்துவைத்தது. நான்காவது ஆட்டத்தில் ஜெரெமி பாண்டர்மேன், 23 வயது, முதல் பதினைந்து பேரையும் வரிசையாக அவுட் ஆக்கினார். பதினைந்து! வட்டம் ஒரு முறை முழுதாகச் சுற்றி, இரண்டாம் முறை பாதிக்கு மேல் போகும் வரை ஒருவரும் முதல் பேஸைத் தொடவில்லை. யாரை முன்னால் விட்டாலும் பின்னால் விட்டாலும் பூஜ்யத்தை எந்த வரிசையில் கூட்டினாலும் பூஜ்யம்தான்.

தோல்வியின் வேர் பந்துவீச்சில் இருந்தது. நான்கு ஆட்டங்களில் யாங்கீஸ் 14 ரன் எடுத்து 22 கொடுத்தது. மூன்றாவது ஆட்டத்தில் வீசிய ராண்டி ஜான்சனுக்கு 43 வயது, முதுகுத்தண்டில் வட்டு பிதுங்கி, ஊசி போட்டுக்கொண்டு வந்து நின்றார். அந்த மனிதரின் மனவுறுதியை வணங்கலாம், ஆனால் பந்து வணங்கவில்லை. நான்காவது ஆட்டத்தைத் தொடங்கியவர் ஜாரெட் ரைட். இரண்டாவது இன்னிங்ஸிலேயே மக்லியோ ஓர்டோனியெஸும் கிரெய்க் மன்ரோவும் ஹோம் ரன் அடித்தார்கள், மூன்றாவது முடிவதற்குள் ரைட் வெளியேறினார். அவருக்குப் பின் வீச வந்த கோரி லிடில், அந்த ஆட்டத்துக்கு நான்கே நாள் கழித்து, அக்டோபர் 11 அன்று, மன்ஹாட்டனில் தன் சிறு விமானம் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் மோதி இறந்துபோனார். அந்தத் தொடரைப் பற்றி யார் கோபமாகப் பேசத் தொடங்கினாலும் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வந்து குரல் தணிந்துவிடும்.

யாங்கீஸ் ரசிகர்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல. 1960 உலகத் தொடரில் (பேஸ்பாலின் இறுதித் தொடர்) அப்போதைய மேலாளர் கேசி ஸ்டெங்கல் தன் மிகச் சிறந்த பிட்சர் ஒய்ட்டி ஃபோர்டை முதல் ஆட்டத்தில் இறக்காமல் மூன்றாவது ஆட்டம் வரை வைத்திருந்தார். ஃபோர்ட் இரண்டு முறை வீசினார், இரண்டிலும் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. முதல் ஆட்டத்தில் வீசியிருந்தால் மூன்று முறை வீசியிருப்பார். பிட்ஸ்பர்க்கைவிட 55-27 என இரு மடங்கு ரன் எடுத்தும் யாங்கீஸ் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது, எழுபது வயது ஸ்டெங்கல் வேலை இழந்தார். அந்த விமர்சனத்தில் எடை உண்டு. ஒரு பிட்சர் ஆட்டத்தின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கிறார், பேட்டர் ஒன்பதில் ஒருவர்.

ரோட்ரிகெஸ் விஷயத்தில் காலம் காட்டிய வேடிக்கைகள் வேறு. மறு ஆண்டு 54 ஹோம் ரன், மறுபடி விருது. 2009-இல், ஊக்க மருந்து உட்கொண்டதை ஒப்புக்கொண்டு தலைகுனிந்த அதே ஆண்டில், புதிய மேலாளர் ஜோ ஜிரார்டி அவரை அக்டோபர் முழுக்க நான்காவது இடத்திலேயே வைத்திருந்தார். சராசரி .365, ஆறு ஹோம் ரன், 18 ரன்களை உள்ளே கொண்டுவந்தார், யாங்கீஸ் உலகத் தொடரை வென்றது. "அக்டோபரில் ஆடத் தெரியாதவன்" என்ற தீர்ப்பு ஒரு மாதத்தில் கரைந்தது. ஆனால் 2012-இல் அதே ஜிரார்டி, பால்டிமோருக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸில் அவரை உட்காரவைத்து ரவுல் இபான்யெஸை அனுப்பினார். இபான்யெஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்து, பன்னிரண்டாவதில் இன்னொன்று அடித்து வென்றுகொடுத்தார். என் வாழ்நாளில் பார்த்த மிகத் துணிச்சலான மாற்றம் அது. மருந்து பலித்ததென்று தொடர்ந்து கொடுத்தார்கள். அடுத்த சுற்றில், மீண்டும் டெட்ராய்ட்டுக்கு எதிராக, ரோட்ரிகெஸ் இரண்டு ஆட்டம் தொடக்க வரிசையில் இல்லை. நான்கு ஆட்டத்தில் யாங்கீஸ் மொத்தம் ஆறு ரன் எடுத்து நான்கிலும் தோற்றது. அந்த அக்டோபரில் கனோ 40-க்கு 3. அவரை யாரும் உட்காரவைக்கவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 2006 அக்டோபர் 7, டெட்ராய்ட்டின் காமெரிகா பார்க் மைதானம், தாள் என் கையில் இருந்திருந்தால்: டேமன், ஜீட்டர், அப்ரேயு, நான்காவது ரோட்ரிகெஸ், ஐந்தாவது பொசாடா, பிறகு ஜியாம்பி முதல் பேஸில், மட்சுயி பேட்டிங்குக்கு மட்டும், கனோ, கப்ரேரா இடது களத்தில். ஷெஃபீல்ட் தேவைப்பட்டால் இடையில் வரட்டும். முந்தைய நாள் கொடுத்த நான்காவது இடத்தை ரோட்ரிகெஸிடமிருந்து பிடுங்கியிருக்க மாட்டேன். இந்தத் தாளால் பாண்டர்மேனின் பதினைந்தைப் பன்னிரண்டாகக் குறைத்திருக்க முடியுமா என்றால், சொல்ல முடியாது.

பேனாவை நான் உண்மையில் அழுத்தி எழுதியிருக்கும் இடம் பிட்சருடையது. ரைட்டின் பெயரை அடித்துவிட்டு, 19 ஆட்டம் வென்றிருந்த தைவான்காரர் சியென்-மிங் வாங்கை, மூன்று நாள் ஓய்வே ஆகியிருந்தாலும், வீசச் சொல்லியிருப்பேன். தோற்றால் நாளை என்பதே இல்லாதபோது சிறந்தவரை நாளைக்கென்று எடுத்துவைப்பதில் பொருளில்லை என்று அன்று கத்தியவர்களில் நானும் ஒருவன்.

ஓராண்டு கழித்து, 2007 அக்டோபர் 8, கிளீவ்லாந்துக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில், டோரி அதையே செய்தார். மூன்று நாள் ஓய்வில் வாங் வந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்கூட எடுக்க முடியாமல் வெளியேறினார். நான்காவதாக ஆடிய ரோட்ரிகெஸ் அன்று ஒரு ஹோம் ரன் அடித்தார். யாங்கீஸ் 6-4 எனத் தோற்றது. டோரி யாங்கீஸ் மேலாளராக எழுதிய கடைசி வரிசை அதுதான்.